பீங்கான் கிடங்கில் நாய்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்போரோ என்றொரு நகரம். அங்கே ‘ரீபிளேஸ்மெண்ட்ஸ்’ என்ற நிறுவனம் இருக்கிறது. தயாரிப்பு நின்றுபோன பீங்கான் தட்டுகள், கண்ணாடிக் கோப்பைகள், வெள்ளிக் கரண்டிகளைத் தேடிப்பிடித்து வாங்கி, வீட்டு செட்டில் ஒன்று உடைந்துபோய்த் தவிப்பவர்களுக்கு விற்பதுதான் அதன் தொழில். கிடங்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள் அடுக்கிக் கிடக்கின்றன. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் தினமும் இருபது, முப்பது நாய்கள் வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தன. ஊழியர்கள் தங்கள் நாயைக் கூடவே அழைத்துவரலாம் என்பது அங்கே பல வருட வழக்கம்.

நாய் பக்கத்தில் இருந்தால் மனம் லேசாகிறது என்று நாய் வளர்ப்பவர் எவரும் சத்தியம் செய்வார். அலுவலகத்திலும் அது உண்மையா? அளந்து பார்க்க முடியுமா? வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ராண்டால்ஃப் பார்க்கர் இந்தக் கேள்வியோடு தன் குழுவை அழைத்துக்கொண்டு போனது அந்தப் பீங்கான் கிடங்குக்குத்தான். ஒரு வேலை வாரம் முழுக்க 76 ஊழியர்களைக் கவனித்து, 2012-ல் முடிவுகளை வெளியிட்டார். ‘நாயோடு வேலை செய்தால் அழுத்தம் குறையும்’ என்று பத்திரிகைகளில் வந்த பல செய்திகளுக்கு ஊற்று இந்த ஆய்வுதான். ஆனால் ஆய்வு சொன்னது தலைப்புச் செய்தி சொன்னதைவிடச் சிக்கலானது. அதனாலேயே சுவையானதும்கூட.

மூன்று வகை ஊழியர்கள்

பார்க்கரின் ஆய்வில் மூன்று குழுக்கள் இருந்தன. நாயை வேலைக்கு அழைத்துவருபவர்கள் ஒரு குழு. நாய் இருந்தும் வீட்டிலேயே விட்டுவருபவர்கள் இரண்டாவது. வளர்ப்புப் பிராணியே இல்லாதவர்கள் மூன்றாவது. நாளின் வெவ்வேறு நேரங்களில் ‘இப்போது எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறீர்கள்?’ என்று கேட்டு அவர்களே தங்கள் நிலையைக் குறிக்கச் செய்தார்கள். உமிழ்நீரைச் சேகரித்து, அதிலுள்ள கார்ட்டிசால் என்ற ஹார்மோனையும் அளந்தார்கள்.

காலையில் மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன. பொழுது ஏற ஏற வழிகள் பிரிந்தன. நாயை அழைத்துவந்தவர்கள் சொன்ன அழுத்தம் குறைந்துகொண்டே போனது. மற்ற இரு குழுக்களிலும் அது கூடிக்கொண்டே போனது.

இந்த இடத்தில் கவனமுள்ள வாசகர் ஒரு தடை எழுப்புவார். நாயை வேலைக்கு அழைத்துவரும் ஆட்கள் இயல்பிலேயே அலட்டிக்கொள்ளாதவர்களாக இருக்கலாம். வேலையில் பிடிப்பும் மேலாளரோடு சுமுகமும் உள்ளவர்களுக்குத்தான் அந்தத் துணிச்சல் வந்திருக்கலாம். யார் எந்தக் குழுவில் இருப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யவில்லையே? நியாயமான தடைதான். ஆனால் ஆய்வில் இதற்குப் பாதிப் பதில் இருந்தது. நாயை அழைத்துவரும் அதே ஊழியர்களைச் சில நாட்கள் நாயில்லாமல் வரச் சொன்னார்கள். அந்த நாட்களில் அவர்களுடைய அழுத்தமும் மற்றவர்களைப் போலவே மாலை வரை ஏறியது. ஆள் மாறவில்லை, நாற்காலி மாறவில்லை, மேலாளர் மாறவில்லை; மாறியது நாய் மட்டும். ஒருவரை அவரோடே ஒப்பிடும் இந்த முறை, வேறு வேறு ஆட்களை ஒப்பிடுவதைவிட வலுவான சான்று.

இந்தப் பதிலுக்குள்ளேயே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நாயை வீட்டில் விட்டுவந்த நாளில் ஏன் அழுத்தம் ஏறியது? தனியாக அடைபட்ட நாய் குரைத்து அக்கம்பக்கத்தைக் கூட்டியிருக்குமோ, சோபாவைக் கிழித்திருக்குமோ, சிறுநீரை அடக்கிக்கொண்டு தவிக்குமோ என்ற நினைப்பு நான்கு மணிக்கு மேல் நெருக்கத் தொடங்கும். அப்படியானால் நாய் கூட வந்தபோது இறங்கியது வேலையின் பாரமா, நாயை விட்டுவந்த பாரமா? இந்த இரண்டையும் ஆய்வின் எண்கள் பிரித்துக் காட்டவில்லை. பிந்தையதுதான் காரணம் என்றால், நாய் தீர்த்துவைத்தது நாயால் வந்த கவலையைத்தான். நாயில்லாத ஊழியருக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது.

தலைப்புச் செய்திகள் விட்டுவிட்ட மற்றொன்று, உமிழ்நீர். கார்ட்டிசால் அளவில் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நாயோடு வந்தவர்களின் மனம் ‘குறைந்தது’ என்றது; ஹார்மோன் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. பார்க்கரின் குழு தங்கள் வேலையை ‘முன்னோட்ட ஆய்வு’ என்றே குறிப்பிட்டிருந்தது.

சுரப்பிகளின் சங்கிலி

இந்த முரணைப் புரிந்துகொள்ள, அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். மேலதிகாரி கூப்பிட்டு அனுப்புகிறார். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு வேதிச் செய்தியை விடுக்கிறது. அதைப் பெற்ற பிட்யூட்டரி சுரப்பி இன்னொரு செய்தியை ரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகங்களின் மேலே உள்ள அட்ரினல் சுரப்பிகளை எட்டியதும் கார்ட்டிசால் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. செரிமானம் போன்ற அவசரமில்லாத வேலைகள் ஒத்திவைக்கப்படுகின்றன. புலியைக் கண்டு ஓடுவதற்கு உதவும் ஏற்பாடு இது. ஓட இடமில்லாத நாற்காலியில் இதே சங்கிலி மாதக்கணக்கில் இழுபடும்போதுதான் தூக்கமும் ரத்த அழுத்தமும் கெடுகின்றன.

அதே ஹைப்போதலாமஸில் உருவாகும் இன்னொரு ஹார்மோன் ஆக்ஸிடோசின். பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கவைப்பதும், குழந்தை வாய் வைத்ததும் தாய்ப்பாலை இறக்குவதும் அதன் பழைய வேலைகள். நெருக்கம், தொடுதல், நம்பிக்கை ஆகியவற்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு. கார்ட்டிசால் சங்கிலிக்கு அது ஓரளவு கடிவாளம் போடுகிறது.

நாய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பை 2003-ல் தென்னாப்பிரிக்காவின் ஒடெண்டாலும் மைன்ச்சஸும் ரத்தத்திலேயே காட்டினார்கள். 18 பேர் நாய்களை மெல்லத் தடவிக்கொடுத்தார்கள். முன்னும் பின்னும் மனிதர், நாய் இருவரின் ரத்தமும் எடுக்கப்பட்டது. ஆக்ஸிடோசின், டோபமைன், பீட்டா எண்டார்ஃபின் ஆகியவை இரு தரப்பிலும் ஏறியிருந்தன. கார்ட்டிசால் மனிதரிடம் இறங்கியது, நாயிடம் இறங்கவில்லை. இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வையுங்கள்; பிறகு தேவைப்படும்.

2015-ல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஹோ நாகசாவா, தகேஃபுமி கிகுசுய் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் இன்னும் நுட்பமான ஒன்றை எழுதினார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் அதிக நேரம் பார்த்துக்கொண்டால், இருவரின் சிறுநீரிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது. நாயின் பார்வை மனிதரிடம் ஹார்மோனைக் கூட்டுகிறது. கனிந்த மனிதர் நாயைத் தடவுகிறார், பேசுகிறார். அதனால் நாயிடமும் ஹார்மோன் கூடி, அது இன்னும் பார்க்கிறது. தாயும் கைக்குழந்தையும் கட்டப்பட்டிருக்கும் அதே சுழற்சி. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. பல்லாயிரம் ஆண்டு சகவாசத்தில் நாய் கற்றுக்கொண்ட வித்தை இது.

ஆக, வழிமுறை உண்மை. ஆனால் இந்த ஆய்வுகள் நடந்த சூழலைப் பாருங்கள்: அமைதியான அறை, கவனம் முழுக்க நாய் மேல், கை நாயின் முதுகில். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா பென்ட்ரி 249 மாணவர்களை வைத்துச் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. நாய்களையும் பூனைகளையும் பத்து நிமிடம் கொஞ்சியவர்களின் கார்ட்டிசால் குறைந்திருந்தது. அவர்கள் கொஞ்சுவதை வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கும், அதே பிராணிகளின் படங்களைப் பார்த்தவர்களுக்கும் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. பலன் கை வழியாக வருகிறது. மேசைக்கடியில் எட்டு மணி நேரம் தூங்கும் நாய்க்கும், பத்து நிமிடம் கையில் கிடைக்கும் நாய்க்கும் வித்தியாசம் உண்டு. போதாக்குறைக்கு, கார்ட்டிசால் காலையில் கண் விழித்தவுடன் உச்சத்துக்குப் போய், பிறகு இரவு வரை தானாகவே இறங்கும் ஹார்மோன். அந்த இறக்கத்துக்குள் நாயின் சிறு பங்கைப் பிரித்தெடுக்க 76 பேர் போதாது.

மதிப்பெண் போடாத துணை

அலுவலகத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று கேரன் ஆலனுடையது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் இருந்த அவர், உயர் ரத்த அழுத்தம் உள்ள, தனியாக வாழும் 48 பங்குத் தரகர்களை எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் லிசினோபிரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை. அவர்களில் பாதிப் பேரை, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, நாயோ பூனையோ வளர்க்கச் சொன்னார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சும்மா இருக்கும்போதுள்ள ரத்த அழுத்தம் இரு குழுவிலும் ஒரே மாதிரி இறங்கியிருந்தது. அது மாத்திரையின் வேலை. மனக்கணக்குப் போடச் சொல்லியும் பேச்சுப் பேசச் சொல்லியும் நெருக்கடி கொடுத்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. மேல் அழுத்தம் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 141. பிராணியும் வளர்த்தவர்களுக்கு 131. 2001-ல் வெளியான இந்த ஆய்வில் குலுக்கல் இருந்ததால், ‘அமைதியான ஆட்கள்தான் நாய் வளர்க்கிறார்கள்’ என்ற தடை இங்கே எழாது.

அதே ஆலன் 1991-லேயே இன்னொன்றைக் கண்டிருந்தார். பெண்களிடம் மனக்கணக்குக் கொடுத்து, ஒருமுறை நெருங்கிய தோழியைப் பக்கத்தில் உட்காரவைத்தார். இன்னொரு ஏற்பாட்டில் அவர்களுடைய நாயை. தோழி பக்கத்தில் இருந்தபோது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. நாய் இருந்தபோது அந்த ஏற்றம் அடங்கியே இருந்தது. தோழி எவ்வளவு அன்பானவளாக இருந்தாலும், ‘பதினேழைத் தப்பாகக் கழித்துவிட்டேனே, கவனித்திருப்பாளோ’ என்ற எண்ணம் வரத்தான் செய்யும். நாய்க்குக் கணக்குத் தெரியாது. மனிதக் கண்களால் நாள் முழுக்க எடைபோடப்படும் இடம் அலுவலகம்; அங்கே எடைபோடாத ஓர் உயிரின் மதிப்பு கூடுவதில் ஆச்சரியமில்லை. இதை ஆய்வகம் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே, 1930-களில் வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டு தன் யோஃபி என்ற சௌ சௌ நாயைச் சிகிச்சை அறையிலேயே படுக்கவைத்திருந்தார்.

நாய் மனிதர்களுக்கிடையிலும் வேலை செய்கிறது. இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூன் மெக்நிக்கலஸும் கிளின் காலிஸும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், நாயோடு நடமாடுபவரிடம் முன்பின் தெரியாதவர்கள் பேச்சுக் கொடுப்பது கணிசமாகக் கூடியது. ஆள் நேர்த்தியாக உடுத்தியிருந்தாலும் சரி, கசங்கிய உடையில் இருந்தாலும் சரி, நாய் இருந்தால் பேச்சு நடந்தது. அமெரிக்காவின் மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கோலரெல்லி குழுவினர், சிறு குழுக்களாகப் பிரிந்து வேலை செய்தவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு நாயைத் துணைக்கு விட்டார்கள். நாய் இருந்த குழுக்களில் ஒத்துழைப்பும் நட்புணர்வும் கூடுதலாகத் தெரிந்தன என்று 2017-ல் எழுதினார்கள். காரணம் விளங்கிக்கொள்ள முடிந்ததுதான். மூன்றாம் மாடி மேலாளரிடம் வலியப் போய்ப் பேச நமக்குத் தயக்கம். அவருடைய நாயிடம் பேசத் தயக்கமில்லை. நாயிடம் தொடங்கிய பேச்சு மேலாளரிடம் போய் முடியும்.

அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்கள் நாயைத் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். அமேசானின் தொடக்க நாட்களில் சியாட்டில் அலுவலகத்துக்கு ரூஃபஸ் என்ற கோர்கி நாய் வந்துகொண்டிருந்தது. இன்று அங்கே ஒரு கட்டடத்துக்கு அதன் பெயர். அந்த நிறுவனம் 2024-ல் அறிமுகப்படுத்திய செயற்கை நுண்ணறிவு ஷாப்பிங் உதவியாளருக்கும் அதே பெயரை வைத்தது. அதற்காக நிறுவனங்கள் பாசத்தில் கரைந்துவிட்டன என்று நினைத்துவிட வேண்டாம். நாயை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய அவசரம் இல்லாத ஊழியர் இன்னும் கொஞ்ச நேரம் நாற்காலியில் இருப்பார் என்பதும் கணக்கில் உண்டு.

அடுத்த மேசைக்காரர்

இதுவரை சொன்ன நன்மைகளில் பெரும்பகுதி ஒருவருக்கே போகிறது: நாயின் சொந்தக்காரருக்கு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோஃபி ஹாலும் டேனியல் மில்ஸும் 2019-ல், நாயை அடிக்கடி அலுவலகத்துக்கு அழைத்துவருபவர்கள் வேலையில் அதிக ஈடுபாடும் மனநிறைவும் காட்டுகிறார்கள் என்று எழுதினார்கள். ஆனால் இது யாருடைய மனநிறைவு? நாயை அழைத்துவருபவருடையது. அடுத்த மேசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பவரின் மனநிறைவு வேறு கணக்கு.

மூக்கைச் சிந்தவைப்பது நாயின் முடி என்பது பரவலான எண்ணம். உண்மையில் காரணம் புரதங்கள். அவற்றில் முக்கியமானது ‘கேன் எஃப் 1’. நாயின் உமிழ்நீரிலும் உதிரும் தோல் செதில்களிலும் இருக்கிறது. மிக நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டு காற்றில் நெடுநேரம் மிதக்கும். துணியில் ஒட்டிக்கொண்டு, நாயே வராத இடங்களுக்கும் போய்ச் சேரும். ஒரே காற்றைச் சுற்றிச்சுற்றி அனுப்பும் குளிர்சாதன அலுவலகத்தில், நாய் ஓர் அறையில் இருந்தாலும் அதன் புரதம் எல்லா அறையிலும் இருக்கும். ஒவ்வாமைக்காரரின் உடல் இந்தப் புரதத்தை எதிரியாகக் கருதி ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. தும்மல், கண் அரிப்போடு போனால் சரி. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சே திணறும்.

‘எங்கள் நாய் ஒவ்வாமை தராத இனம்’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நெதர்லாந்தில் டோரிஸ் ஃப்ரேடகோர் குழுவினர் இதைச் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். லாப்ரடூடில், பூடில் போன்ற அந்த இனங்களின் முடியில் கேன் எஃப் 1 குறைவாக இல்லை. சில இனங்களில் கூடுதலாகவே இருந்தது. அவை வளரும் வீடுகளின் காற்றிலும் வேறுபாடு தெரியவில்லை. ஒவ்வாமை தராத இனம் என்பது விற்பனைக்காரர் சொல். ஆய்வகம் அதை ஆமோதிக்கவில்லை.

பயம் அடுத்தது. சிறுவயதில் கடிபட்டவருக்குக் காலடியில் நாய் உரசினால் அதே சுரப்பிச் சங்கிலி ஓடத் தொடங்கும். பக்கத்து மேசைக்காரரின் கார்ட்டிசாலை இறக்கும் நாய் இவருடையதை ஏற்றும். இந்தியாவில் இந்தப் பயத்தை வெறும் மனத்தடை என்று தள்ளிவிட முடியாது. உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மனிதருக்கு வரும் ரேபிஸ் ஏறத்தாழ முழுவதும் நாய் வழியாகவே வருகிறது. நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதிலும் அரிது. தடுப்பூசி போட்ட வீட்டு நாயிடமிருந்து இந்த ஆபத்து மிகக் குறைவு என்பது அறிவுக்குத் தெரியும். தெருவில் துரத்தப்பட்ட கால்களுக்குத் தெரியாது. நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் முறைப்படி கழுவ வேண்டும் என்று கருதும் முஸ்லிம் ஊழியரின் சங்கடமும் இதே பட்டியலில் சேர வேண்டியது.

இவர்களில் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? மேலாளரே நாயோடு வந்தால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். நாய் பிடிக்காது என்று சொன்னால் ஈரமில்லாத ஆள் என்று பெயர் வந்துவிடும். ஆகவே ‘யாரும் ஆட்சேபிக்கவில்லை’ என்பதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது.

சம்பளமில்லாத ஊழியர்

மூன்றாவது தரப்பு நாய். தென்னாப்பிரிக்க ஆய்வில் நாயின் கார்ட்டிசால் இறங்கவில்லை என்று பார்த்தோம். மனிதருக்கு ஆறுதலாக இருக்கும் சூழல் நாய்க்கும் ஆறுதலாகத்தான் இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

அலுவலகத்தை நாயின் புலன்களால் உணர்ந்து பாருங்கள். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க் காது 40,000-ஐத் தாண்டும். மின்சாதனங்கள் எழுப்பும், நமக்குக் கேட்காத கீச்சொலி அதற்குக் கேட்கும். பளபளக்கும் தரையில் நகம் பிடிக்காது, கால் வழுக்கும். மின்தூக்கியில் அறிமுகமில்லாத இன்னொரு நாயோடு மூக்கு உரச நிற்க வேண்டும். தலைக்கு மேலிருந்து முன்பின் தெரியாத கைகள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் நாய் மறைப்பதில்லை. நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. பசியில்லாத நேரத்தில் உதட்டை நக்குவது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்ப்பது, வாலைக் காலுக்கிடையில் ஒடுக்குவது எல்லாம் ‘போதும்’ என்பதன் வடிவங்கள். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று கேட்டே பழகிய நாம், அந்த வால் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்ததில்லை. இத்தாலியின் குவாரன்டா, சினிஸ்கால்கி, வலோர்டிகரா மூவரும் 2007-ல் அதைப் பார்த்தார்கள். வளர்ப்பவரைக் கண்டால் வால் நாயின் வலப்பக்கம் அதிகம் சாய்ந்து ஆடியது. மிரட்டும் தோரணையுள்ள அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம். மூளையின் இரு பாதிகளும் வெவ்வேறு உணர்வுகளைக் கையாள்வதன் விளைவு அது. வால் ஆடினால் நாய் மகிழ்ச்சியாக இருக்கிறது என்ற முடிவு அவசரமானது.

இன்னும் யோசிக்க வைப்பது ஸ்வீடனிலிருந்து வந்த தகவல். லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்க்கும் பெண்களின் தலைமுடியையும் எடுத்து, மாதக்கணக்கில் அதில் சேர்ந்திருந்த கார்ட்டிசாலை அளந்தார்கள். இரண்டும் ஒத்துப்போயின. வளர்ப்பவரின் குணமும் நாயின் அளவில் தெரிந்தது. நாயின் குணத்தால் அந்த ஒத்திசைவை அந்த அளவுக்கு விளக்க முடியவில்லை. 2019-ல் வெளியான அந்த ஆய்வின்படி, அழுத்தம் மனிதரிடமிருந்து நாய்க்குப் போவதாகவே தோன்றுகிறது. உங்கள் அழுத்தத்தைக் குறைக்க நாயை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனால், அந்த அழுத்தத்தில் ஒரு பங்கை அது சுமக்க நேரலாம். வியன்னாவில் லிசா மரியா கிளெங்க் குழுவினர் சிகிச்சைக்குத் துணைபுரியும் நாய்களைக் கவனித்து, வாரில் கட்டாமல் விட்ட நாய்களின் கார்ட்டிசால் வேலையின்போது குறைந்ததாக 2013-ல் எழுதினார்கள். வாரில் இருந்த நாய்களிடம் அது நடக்கவில்லை. விலகிப்போக முடிகிற நாய்க்கு வேலை பாரமாக இல்லை.

தானே வந்துபோகும் நாய்கள்

விலகிப்போகும் உரிமை என்றதும் மும்பை நினைவுக்கு வர வேண்டும். டாடா குழுமத்தின் தலைமையகமான பாம்பே ஹவுஸ் 1924-ல் கட்டப்பட்டது. அதன் வாசலிலும் கூடத்திலும் தெருநாய்கள் நெடுங்காலமாக ஒண்டிக்கொண்டிருந்தன. 2018-ல் கட்டடத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது அவற்றுக்கென்று ஓர் அறையே ஒதுக்கினார்கள். 2024-ல் மறைந்த, குழுமத்தின் முன்னாள் தலைவர் ரத்தன் டாடாவின் நாய்ப் பாசம் ஊரறிந்தது. அந்த நாய்களுக்குச் சாப்பாடும் குளியலும் மருத்துவமும் உண்டு. வருவதும் போவதும் நாய்களின் இஷ்டம்.

சியாட்டில் முறையிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. அங்கே நாய் ஓர் ஊழியரின் உடைமை. அவர் வந்தால் வரும், அவர் இருக்கும்வரை இருக்கும். இங்கே நாய் யாருடையதும் அல்ல. அதனால் அதன் துணை ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. தமிழ்நாட்டிலும் காவலாளியின் நாற்காலிக்கடியில் படுத்துக்கிடந்து, இரவுப் பணிக்காரரோடு டீக்கடை வரை நடந்துவிட்டுத் திரும்பும் நாய்கள் இல்லாத தொழிற்பேட்டை அரிது. கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் தவறாமல் நடந்தால்தான் இந்த ஏற்பாடு பாதுகாப்பானது. அது நடக்காத இடத்தில் வெறும் பாசம் ஆபத்து.

யாருக்கு?

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ‘அலுவலகத்துக்கு நாய் நல்லதா?’ என்ற கேள்விக்கு அறிவியலிடம் ஒற்றை விடை இல்லை. கேள்வியில் ‘யாருக்கு?’ என்ற சொல் விடுபட்டிருக்கிறது. சொந்தக்காரருக்கு நன்மை என்பதற்குக் கணிசமான சான்று இருக்கிறது. நாய்ப்பிரியர்களான சகாக்களுக்குக் கொஞ்சம் கலகலப்பு. ஒவ்வாமையும் பயமும் உள்ளவருக்கு அன்றாடத் தண்டனை. நாய்க்கு எப்படி என்பது அந்த நாயையும் அந்த இடத்தையும் பொறுத்தது.

இதிலிருந்து நடைமுறைக்குச் சில விதிகள் கிடைக்கின்றன. அனுமதிக்கும் முன் பெயர் போடாத சீட்டில் எல்லோரையும் கேட்க வேண்டும். கைதூக்கச் சொன்னால் உண்மை வராது. ஒவ்வாமைக்காரருக்குத் தனி அறை கொடுத்தால் போதாது, அந்த அறைக்குத் தனிக் காற்றோட்டமும் வேண்டும். நாய்க்குத் தடுப்பூசிச் சான்றும் அடிப்படைப் பயிற்சியும் கட்டாயம். வாரம் முழுக்க அனுமதிப்பதைவிடக் குறிப்பிட்ட நாட்கள் நல்லது. பத்து நிமிடத் தொடுதலே கார்ட்டிசாலை இறக்கும்போது எட்டு மணி நேரம் அடைத்துவைக்கக் காரணமில்லை. யாரும் தொடக்கூடாத ஒரு மூலை நாய்க்கு இருக்க வேண்டும். பார்வையற்றவரின் வழிகாட்டி நாய் இந்த விதிகளுக்கு அப்பாற்பட்டது. அது அவருடைய கண், அதை வாசலில் நிறுத்தும் உரிமை அலுவலகத்துக்கு இல்லை.

‘எங்கள் அலுவலகத்தில் நாய்களுக்கு அனுமதி’ என்று ஒரு நிறுவனம் பெருமையோடு அறிவித்தால், நாயோடு வருபவரிடம் கருத்துக் கேட்க வேண்டாம். அவர் என்ன சொல்வார் என்று தெரியும். நாயில்லாத அடுத்த மேசைக்காரரைத் தனியாகக் கேளுங்கள். பிறகு அந்த நாய் நினைத்தபோது எழுந்து வெளியே போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் விடை சரியாக இருந்தால் மட்டுமே அந்தப் பெருமை அவர்களுக்குத் தகும்.